ஒன்பதாவது வளையம்

துரையின் தூண்டில் கோலை என் மேசைமேல் வைத்துவிட்டு, என் தங்கை புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். திங்கட்கிழமை காலை. பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்து, ஆட்கள் ரப்பர் காட்டுக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். காய்ச்சல்காரர்களுக்குக் கசப்புக் கொய்னா மருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு நான் கைகழுவிக்கொண்டிருந்தேன். கண்ணெதிரே விழுங்கவைக்காவிட்டால் கொய்னாவை வாசலில் போய்த் துப்பிவிடுவார்கள். அதனால் தினமும் காலையில் நான் பார்ப்பது மனிதர்களின் முகத்தை விட அவர்கள் தொண்டையைத்தான். அன்றைக்கு இவன் தொண்டையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மலாயாவில் சுங்காய்க்கும் தாப்பாவுக்கும் நடுவே இருந்த அந்தத் தோட்டத்தில் நான் டிரஸ்ஸர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பாராங் கத்தி வெட்டுக்குத் தையல் போடுவது எல்லாம் என் வேலை. டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். என் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, துரை பங்களாவில் சாப்பிட்டுவிட்டுப் போவார். என் தங்கை புருஷன் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காருக்கு டிரைவர். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். என் தங்கையை அவனுக்குக் கட்டிக் கொடுத்தவனும் நான். இரண்டுக்காகவும் அதுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

"மச்சான், பெரிய சூசாவாப் போச்சு, வம்புல மாட்டிக்கிட்டேன்," என்றான் கடைசியில்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். காரு கதவ அடிச்சுச் சாத்துனேன். தூண்டி கதவிடுக்குல நீளமாக் கெடந்தத பாக்கல."

துணி உறையை உருவிப் பார்த்தேன். நம் ஆட்கள் ஆற்றங்கரையில் புழு கோத்துப் போடும் மூங்கில் கழியை மனதில் வைத்துக்கொண்டு துரையின் தூண்டிலைப் பார்க்கக் கூடாது. மூங்கிலை ஆறு பட்டையாகச் சீவி ஒட்டி, பென்சில்போல ஆறு முகமாக்கிய கோல் அது. இரண்டு துண்டு, ஒன்றின் பூணில் மற்றதைச் செருகிக்கொள்ளலாம். முள்ளில் புழு கிடையாது. கோழி இறகைச் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து வைத்த பொய் இரைதான். கயிற்றை முன்னும் பின்னும் வீசி அந்தப் பொய்ப்பூச்சியைத் தண்ணீர்மேல் மெல்ல இறக்கினால், சுங்காய் ஆற்றுக் கெலா மீன் அதை நிஜமென்று நம்பி வாயைத் திறக்கும். ஞாயிறு தவறாமல் துரை இந்த ஏமாற்று வேலைக்குப் போய்விடுவார். கயிறு வழுக்கிப் போவதற்காகக் கோல் நெடுகக் கம்பி வளையங்கள். அடியில் பெரிதாக ஒன்று, நுனியில் ஒன்று, நடுவில் எட்டு. நடுவில் இருந்தவை முழு வட்டம்கூட இல்லை. இரண்டு காலை ஊன்றிக்கொண்டு ஒரு நெளிவு நெளிந்த சின்னக் கம்பி, அவ்வளவுதான். அந்தக் கால்களைப் பட்டு நூலால் கோலோடு இறுகச் சுற்றி, மேலே வார்னிஷ் பூசியிருந்தார்கள்.

எட்டில் ஐந்து நசுங்கியிருந்தன. மூங்கிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. இவன் குறடு ஒன்றை எடுத்து நிமிர்த்தப் போயிருக்கிறான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக, மூன்றின் கால் ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

"இது யாரு பண்ண வேல?"

"நிமித்திப்புடலாம்னு பாத்தேன் மச்சான்."

"காரு ஓட்டத் தெரியும்ல? அதோட நிறுத்திக்கிட்டா என்ன?"

துரை பக்கத்துத் தோட்டத்துத் துரையின் காரில் ஈப்போவுக்குப் போயிருந்தார். அங்கே ஏதோ கூட்டம், அப்புறம் குதிரைப் பந்தயம், வெள்ளிக்கிழமைதான் திரும்புவார். முந்தின நாள் மீன்பிடித்து வந்த தூண்டிலைக் காரிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார். இவன் கார் கழுவப் போன இடத்தில் இந்த வினை.

"வந்ததும் சொல்லிடு," என்றேன். "அவரு கத்துவாரு. கத்தட்டும்."

"சமையக்காரரு சொல்லத்தான செஞ்சாரு?"

இரண்டு மாதத்துக்கு முன் துரையின் கண்ணாடிக் கோப்பை ஒன்றைச் சமையல்காரர் உடைத்துவிட்டார். உடைந்த துண்டுகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு போய், தான்தான் உடைத்ததாகச் சொன்னார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். அது ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம். இருக்கிற ஆட்களையே கழிக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தோட்டத்திலிருந்து கழிந்தவனை அடுத்த தோட்டம் சேர்க்காது. நடந்து நடந்து காலும் கையிருப்பும் ஓய்ந்தபின் பினாங்குக்குப் போய் நாகப்பட்டினம் கப்பல் ஏற வேண்டியதுதான். என் தங்கைக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் இங்கே பிறந்தவை. ஊர் என்று அவள் சொல்கிற இடத்தில் கூரை போட்ட வீடுகூட எங்களுக்கு மிஞ்சியிருக்கவில்லை. டிரைவர் வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேசைமேல் கிடந்த கோலைப் பார்த்துக்கொண்டே இருவரும் அதைத்தான் நினைத்தோம்.

உண்மையைச் சொல்லிவிடுவதானால், நான் இரக்கத்தினால் மட்டும் அந்த வேலையை எடுக்கவில்லை. பழைய நூல் சுற்றை நகத்தால் நெருடிப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் சுற்றியிருந்தது. ஆனால் என் சுற்று இதைவிட ஒழுங்காக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பத்து வருஷமாக அறுந்த விரலையும் பிளந்த நெற்றியையும் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு குச்சியில் நூல் சுற்ற மாட்டேனா? அந்தக் கர்வம்தான் என்னை உள்ளே இழுத்தது. வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள முடிச்சுத் தாறேன். நீ வாயத் தொறக்காத," என்றேன்.

மறுநாள் சைக்கிளில் சுங்காய் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு பத்தர் இருந்தார். தோட்டத்துப் பெண்களுக்குத் தோடு, மூக்குத்தி செய்து கொடுக்கிறவர். நசுங்காமல் தப்பிய வளையம் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு மூக்குக்கு டிரஸ்ஸரய்யா?"

"மூக்குக்கு இல்ல பத்தரே. தொரையோட தூண்டிக்கு."

"ஓ. அவருக்கு உசுரே அங்கதான் இருக்குன்னு கேள்வி."

நடந்ததையெல்லாம் சொன்னேன். வெள்ளி மிருதுவானது, கயிறு உரசி உரசிப் பள்ளம் விழுந்துவிடும் என்று அவரே சொன்னார். ஜெர்மன் வெள்ளி என்று கடையில் விற்கும் கம்பி ஒரு சுருள் வைத்திருந்தார். பார்க்க வெள்ளி போலிருக்கும், தொட்டால் இரும்பு போலிருக்கும். அதைத் துளைத் தகட்டில் கொடுத்து இழுத்தார். ஒவ்வொரு துளையாக இழுக்க இழுக்கக் கம்பி மெலிந்துகொண்டே கெட்டிப்பட்டது. ஆணியில் சுற்றி நெளித்து, கால்களைத் தட்டிச் சப்பையாக்கி, அரத்தால் ராவி, தோலில் வைத்துத் தேய்த்தார். நசுங்காத மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுவது என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். ஐந்து மட்டும் புதிதாக மின்னினால் கண்ணை உறுத்தும். உச்சி வெயிலுக்குள் வேலையை முடித்து, பலகைமேல் வரிசையாக வைத்தார். எண்ணிப் பார்த்தேன். ஒன்பது இருந்தது.

"நான் எட்டுதான கேட்டேன்."

"கேட்டீங்க. நான் இல்லேங்கல. எட்டா எந்தச் சாமானும் இந்தப் பட்டறைய விட்டுப் போனதில்ல. அது சனியோட எண்ணு. ஒருத்தனோட பொழப்பு இதுல தொங்கிக்கிட்டு கெடக்கு, அதுல போயி எட்ட வைப்பாங்களா?"

"பத்தரே, அதுல மொதல்லேருந்து எட்டுதான் இருந்துச்சு."

"அதான் நசுங்குச்சு."

இந்த மாதிரி நியாயத்தோடு வாதாட முடியாது. எனக்குச் சனியிலும் நம்பிக்கை இல்லை, பத்தரின் எண்ணிலும் நம்பிக்கை இல்லை. காய்ச்சல் அமாவாசையில் ஏறும் என்பவர்களிடம் தினமும் சண்டை போடுகிறவன் நான். கூடுதலாக இருந்த ஒன்றை வழியில் வீசிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, ஒன்பதையும் தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சீனன் கடையில் பச்சைப் பட்டு நூல் வாங்கினேன். சீனப் பெண்கள் செருப்பில் பூவேலை செய்கிற நூல். துரையின் நூலும் பச்சைதான்.

திரும்பி வந்தபோது என் தங்கை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பால் வெட்டிவிட்டு நேராக வந்திருக்கிறாள். கையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று முகத்திலேயே தெரிந்தது. பத்தர் சொன்னதை வேடிக்கையாக அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எட்டு வேணாண்ணே."

"நீயுமா?"

"தொரை என்ன, ஒக்காந்து எண்ணவா போறாரு? ஒன்பதே இருக்கட்டும்ணே. எனக்காகத்தாண்ணே."

நான் அவளைத் திட்டினேன். படிப்பில்லாத கழுதை என்றுகூடச் சொன்னேன். சொல்லிவிட்டு, ஒன்பதாவது வளையத்தை வீசாமல் மற்றவற்றோடு மேசைமேல் வைத்தேன். அவள் கேட்டாள் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. எட்டு வளையத்தைக் கட்டி முடித்து, அதற்குப் பிறகு ஏதாவது கெட்டது நடந்தால், அந்த ஒன்றை வீசியதுதான் காரணம் என்று காலமெல்லாம் இவர்கள் சொல்வார்கள். நானும் ராத்திரியில் விழித்துக்கொண்டால் அப்படித்தான் நினைப்பேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. நம்பிக்கை இல்லாதவனுக்கும் இந்தப் பயம் உண்டு.

ஒன்பது என்று ஆனதும் கணக்கு மாறிவிட்டது. வளையங்களைச் சம தூரத்தில் வைக்கக் கூடாது. நுனிக்குப் போகப் போக இடைவெளி குறைய வேண்டும். அளவுகோலை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்பது இடம் குறித்தேன். பழைய நூலை அறுத்தெடுத்த இடங்களில் மூங்கில் வெளுத்துக் கிடந்தது, மோதிரம் கழற்றிய விரல் மாதிரி. புதிய இடம் எதுவும் அந்த வெளுப்பின் மேல் விழவில்லை. சரி, அங்கெல்லாம் சும்மா அழகுக்குச் சுற்றியதுபோல ஒரு பட்டை நூல் சுற்றிவிடலாம் என்று தீர்மானித்தேன். ஒரு பொய்யை மறைக்க இன்னும் பதினாறு பொய். ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு கால் ஆயிற்றே.

புதனும் வியாழனும் நோயாளிகள் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் சுற்று வார்னிஷ் பட்டதும் பச்சை நூல் கறுத்துப்போயிற்று. அறுத்தெறிந்துவிட்டுத் திரும்பச் சுற்றினேன். அப்புறம்தான் அலமாரியில் இருந்த கொலோடியன் ஞாபகம் வந்தது. சின்னக் காயத்தின் மேல் தடவினால் தோல்போலப் படிகிற மருந்து அது. அதை முதலில் நூலுக்குத் தடவிக் காயவைத்து, அதற்கு மேல் வார்னிஷ் பூசினேன். நிறம் அப்படியே நின்றது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் மிகுந்த சந்தோஷமாக இருந்தேன். தங்கை குடும்பத்தின் தலைக்குமேல் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. நான் நூலுக்கு நூல் இடைவெளி தெரியாமல் நெருக்கி வைப்பதில் லயித்துப் போயிருந்தேன். தங்கை இரண்டு நாளும் வந்து கதவிடுக்கில் பார்த்துவிட்டுப் போனாள். பேச்சுக் கொடுத்தால் எனக்குக் கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோல் பங்களா மாடத்தில் அதன் இடத்தில் இருந்தது. சாயங்காலம் துரை வந்தார். சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் நடந்ததை என் தங்கை புருஷன் வந்து சொன்னான். துரை கோலைச் செருகிச் சேர்த்து, கயிற்றை அடி வளையத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு போயிருக்கிறார். உதடு அசைந்ததாம். நுனிக்கு வந்ததும் நின்று, திரும்ப அடியிலிருந்து ஒவ்வொரு வளையமாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தாராம். அப்புறம் இவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். மத்தியானம்வரை வீசினார். முழங்கை நீளக் கெலா ஒன்று பிடித்து, வரும் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

"சிரிச்ச மொகமாத்தான் இருந்தாரு மச்சான். ஒண்ணும் இருக்காது," என்றான்.

நாங்கள் ஒரு விஷயத்தை யோசிக்கவே இல்லை. ஜபமாலை உருட்டுகிறவனுக்கு மணி எத்தனை என்று தெரியாமலா இருக்கும்? வாராவாரம் இருட்டோடு எழுந்து போய் அந்த எட்டில் கயிற்றைக் கோக்கிறவர் அவர். கை வைத்தாலே தெரிந்திருக்கும். தூண்டிலைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டேன். தூண்டில்காரரைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

திங்கட்கிழமை பெரட்டு முடிந்ததும் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. டிரைவரும் டிரஸ்ஸரும் வர வேண்டும். வராந்தாவில் துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோல் அவர் மடியில் கிடந்தது. பக்கத்தில் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி பேனாவோடு நின்றார். துரைக்குத் தமிழ் நன்றாக வரும்; ஆனால் கங்காணிகளிடம் கற்ற தமிழ். அதில் 'நீ' உண்டு, 'வா' உண்டு, 'போ' உண்டு. மரியாதைச் சொல் ஒன்றும் அவருக்குத் தேவைப்படவில்லை.

"நடுவுல எத்தனை வளையம்?" என்று டிரைவரைக் கேட்டார்.

"எட்டு தொரே."

"எண்ணு."

அவன் குனிந்து எண்ணினான். எட்டோடு நிறுத்திவிடலாமா என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். விரல் அடுத்ததன் மேல் போய் நின்றுவிட்டது.

"ஒம்போது தொரே."

"குட்டி போட்டுச்சா?"

கிராணி சிரித்தார். துரை சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. கார் கதவைச் சாத்தியதைச் சொன்னான், நசுங்கியதைச் சொன்னான், குறட்டால் நிமிர்த்தப் போனதையும் சொன்னான். சுங்காய் பத்தரையும் சொன்னான். என்னைச் சொல்லவில்லை.

"யாரு கட்டினது?"

"நான்தான் தொரே."

துரை அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கார் எண்ணெய் ஏறிக் கறுத்து, நகம் உடைந்த கை. அதை விட்டுவிட்டுத் தன் கட்டைவிரலைத் தூக்கி என் பக்கம் காட்டினார். போன வருஷம் நான் அதில் நாலு தையல் போட்டிருந்தேன். தழும்பு இருக்கிற இடம் தெரியாது.

"இது டிரஸ்ஸர் கை," என்றார்.

"ஆமாம் தொரே," என்றேன். அவன் எனக்காகப் பொய் சொல்லி இன்னும் மூச்சுக்கூட விடவில்லை, நான் ஒப்புக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது என்று இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"நல்ல வேலை," என்றார் துரை. "ரொம்ப நல்ல வேலை. ஒம்போதுல கயிறு நல்லா போகுது." அந்தப் பச்சைப் பட்டைகளை விரலால் தடவிக்கொண்டே டிரைவரைப் பார்த்தார். "ஒடைச்சது தப்பு இல்ல. ஒளிச்சது தப்பு. புதன்கெழமை போ."

ஒளித்ததில் பெரும்பங்கு என்னுடையது. இடம் மாற்றிக் கட்டியது நான், வெளுப்பை மறைத்தது நான், வாயைத் திறக்காதே என்று சொன்னதும் நான். "தொரே, நானும்..." என்று ஆரம்பித்தேன். அவர் ஆள்காட்டி விரலைத் தூக்கினார். நான் நிறுத்திவிட்டேன். இரண்டாவது தடவை அவர் தூக்க வேண்டியிருக்கவில்லை. கார் ஓட்ட ஆள் கிடைத்துவிடும். தையல் போடத் தெரிந்த டிரஸ்ஸர் அந்தச் சம்பளத்துக்குக் கிடைக்க மாட்டான். அவருடைய நியாயம் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அங்கேயே நின்றுகொண்டேன்.

துரை உள்ளே போய் இன்னொரு தூண்டில் கொண்டுவந்தார். பக்கத்துத் தோட்டத்துத் துரையுடையது. வளையங்கள் துருப்பிடித்துக் கயிற்றை அறுக்கிறதாம். சீமையிலிருந்து வந்த புது வளையங்கள் ஒரு சின்னத் தகர டப்பாவில் இருந்தன.

"புதன்கெழமை சாயங்காலம் வேணும்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வழியில் அவன் என்னைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒங்களுக்காவது ஒண்ணும் ஆவலயே மச்சான், அதுபோதும்," என்றான். அதை அவன் மனதாரச் சொன்னான். அவன் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிராணியிடம் போய் வேலைச் சீட்டிலாவது நல்லபடியாக எழுதச் சொல்லி மன்றாடினேன். துரை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார் என்றார். வேலை தெரியும், நாணயம் இல்லை என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டோடு அவனுக்குக் கார் சாவி யார் கொடுப்பார்கள்? ஈப்போவில் இரண்டு மாதம் அலைந்தான். ஆயர் தாவார் பக்கம்வரை போய்க் கேட்டுப் பார்த்தான். கடைசியில் ஐந்து பேரும் கப்பல் ஏறிவிட்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்து யாரோ எழுதிக் கொடுத்த கடிதம் இரண்டு வந்தது. இரண்டாவதில் நடுப்பிள்ளை இறந்துபோன செய்தி இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. என் தங்கையை நான் மறுபடியும் பார்க்கவே இல்லை.

கடைசியாகப் பார்த்தது அந்தப் புதன்கிழமை காலையில்தான். ஒன்பது மணி இருக்கும். லயத்து முன்னால் மாட்டு வண்டியில் அவள் புருஷன் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான் பக்கத்துத் துரையின் கோலைத் தொடைமேல் வைத்து, ஒரு வளையத்தின் காலில் பாதிச் சுற்றில் இருந்தேன். ஒரு கை கோலைத் திருப்பும், ஒரு கை நூலை நெருக்கும். நூலின் மறுமுனையைப் பல்லில் கடித்து இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுப்புத் தளர்ந்தால் சுற்றியதெல்லாம் அவிழ்ந்துவிடும்.

"அண்ணே, போயிட்டு வாரேன்," என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். தொண்டைக்குள்ளேயே ஏதோ முனகினேன். நூலை விடவில்லை. அவள் என் வாயையும் நூலையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் முடிக்கட்டும் என்று கதவோரம் நின்றாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. வேலை இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிக்காரன் கூப்பிட்டான். அவள் போய்விட்டாள்.

முடிச்சுப் போட்டு நூலை அறுத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது வண்டி ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்தைத் தாண்டித் திரும்பிவிட்டது. ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஓடவில்லை.

பல்லிலிருந்து நூலை விட்டிருந்தால் பத்துப் பதினைந்து சுற்று அவிழ்ந்திருக்கும். திரும்பச் சுற்ற அரை மணி நேரம்கூட ஆகாது. துரை அந்தக் கோலைச் சாயங்காலத்துக்குத்தான் கேட்டிருந்தார்.